கிட்டார் பிக்கப்புக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பாளையங்கோட்டை, திங்கள் இரவு

அண்ணாச்சிமாரே, தேவாலயப் பாடகர் குழுப் பயல்களுக்காக, மலிவு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தேற்றுவது பற்றி இரண்டு பக்கக் கையேடு. வெள்ளிக்கிழமை அச்சு. கம்பி மாற்று, நட்டில் (கழுத்து நுனியில் கம்பி தங்கும் கட்டை) பள்ளத்தைச் சரிசெய், உள்குழியில் செப்புத்தாள் ஒட்டு என்று எழுதியாச்சு. "செராமிக் காந்த பிக்கப்பைக் கழற்றி அல்நிக்கோ காந்தமுள்ளதைப் போடு" என்ற இடத்தில் அச்சகத்துக்காரர் கேட்கிறார்: "பிக்கப்புன்னா லோடு வண்டியில்லா?"

தென்காசி

ஒலிவாங்கி என்று போடும். முடிஞ்சுது சோலி.

அம்பாசமுத்திரம்

முடியலை வே. ஒலிவாங்கி மைக். பிக்கப் ஒலியையா வாங்குது? காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகு நரம்பு அதிர, காந்தப்பாயம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டதுதான். நைலான் நரம்பு மாட்டினால் ஊமை. 34 வருசம் இயற்பியல் நடத்தியவன் சொல்லுதேன்: மின்காந்தத் தூண்டல் என்பது பாடநூல் சொல், ஆகவே நரம்புத்தூண்டி.

சேரன்மகாதேவி

சார், தூண்டுவது நரம்பு, தூண்டப்படுவது சுருள். 'இ' விகுதி போட்டால் சுருள் வினைமுதல் ஆகிவிடுமே?

அம்பாசமுத்திரம்

ஊருணி, ஊரை உண்ணுதா? ஊர் உண்பது. செயப்படுபொருளிலும் 'இ' வரும். தவிர தூண்டு, தூண்டில் என்று பாரும். ஆற்றில் தக்கை அசைவதைப் பார்த்து மீனை அறிகிறோமே, பிக்கப்பும் அதே வேலைதான். எங்கள் ஊர்ப் படித்துறையில் கெண்டை பிடித்த காலத்தில்...

(மீன் கதை மூன்று பத்தி. வெட்டிவிட்டேன், மன்னிக்கணும். — பாளை)

கடையநல்லூர்

பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. கிட்டார் உடலுக்குப் பத்தர், முறுக்காணிக்கு மாடகம் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டால் என்ன?

தென்காசி

பத்தர் என்றால் எங்க தெருவில் நகை செய்கிறவர். பயல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் பட்டறையில் போய் நிற்பான்.

பாளையங்கோட்டை, புதன்

இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனையையும் மாற்றி வைத்து 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலை அடக்குவது ஹம்பக்கர். கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் 1955இல் செய்தது. அதற்கு "இரட்டைச்சுருள்" போட்டேன், ஒருவரும் சண்டைக்கு வரலை. இப்போ வேறு வம்பு. "வீட்டில் பழக 10 வாட் ஆம்ப், 8 அங்குல ஸ்பீக்கர் போதும்" என்பதில் இரண்டுக்கும் "ஒலிபெருக்கி" வருது.

நெல்லை டவுன்

ஆம்புக்குப் பாடநூல் சொல் பெருக்கி. ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி என்று ஊரே சொல்லுது, மாற்ற முடியாது. ரெண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தவனைத்தான் கேட்கணும். கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் என்று நினைத்து வாங்கிவிடாமல் "பழகுபெட்டி" என்று எழுதுமே.

சேரன்மகாதேவி

பழகுபெட்டி நல்லாருக்கு. பிக்கப்புக்கு அதிர்வுணரி போடலாம். உணரி என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கு.

தென்காசி

சரி.

கடையநல்லூர்

சரி, மனமில்லாமல்.

பாளையங்கோட்டை, வியாழன் இரவு 11

முதல் இடத்தில் "அதிர்வுணரி, அதாவது பிக்கப்" என்றும் அடுத்து வருமிடமெல்லாம் பிக்கப் என்றும் அனுப்பியாச்சு. கடையில் போய் அதிர்வுணரி கேட்டால் கிடைக்காது பாருங்க.

அம்பாசமுத்திரம், வெள்ளி காலை

நிலநடுக்கக் கருவியும் அதிர்வை உணர்வதுதான். எனக்கு வரும் கையேட்டுப் படியில் அதிர்வுணரியை அடித்துவிட்டு நரம்புத்தூண்டி என்று எழுதிக்கொள்வேன். மீன் கதையை வெட்டியது சரியில்லை.