தூய்மைப் பணி தனியாரிடம் போனால் மாநகராட்சியின் செலவு உண்மையில் குறைகிறதா?

ராயபுரம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்க 2025 ஜூனில் சென்னை மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும், அதை எதிர்த்து ஆகஸ்டு 1 முதல் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்ததும், 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியதும் நாம் அறிந்தவையே. அந்தப் போராட்டத்தின் நியாயம் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. நான் அறிய விரும்புவது நிதி தொடர்பானது. ஒரு துறையின் வேலையை வெளியே கொடுத்தால் ஊதியச் செலவு மிச்சமாகும் என்கிறார்கள். அந்த மிச்சத்தை வரவு செலவுத் திட்டத்தில் எங்கே பார்ப்பது? பணியிடங்களைக் கூட்டவும் குறைக்கவும் மாமன்றத்துக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா, அல்லது மேலிருந்து வரும் முடிவுக்குக் கை தூக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா?

ஓய்வுபெற்ற கணக்கர்

ஐயா, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியும் தன் விருப்பப்படி ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்கிவிட முடியாது. அதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். ஆணையரை நியமிப்பதும் அரசுதான். சென்னை நீங்கலாக மற்ற 20 மாநகராட்சிகளின் பணியாளர் அமைப்பை மாற்றிய அரசாணை எண் 152, 2022 அக்டோபரில் நகராட்சி நிருவாகத் துறையிலிருந்து வந்ததே தவிர, அந்த ஊர்களின் மன்றங்களில் விவாதித்து உருவானதன்று. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை உள்ளாட்சிக்குத் தரலாம் என்று வழி காட்டியது. ஆனால் அந்தப் பணிகளைச் செய்ய ஆள் வைக்கும் அதிகாரம் அதே அளவில் கீழே வந்து சேரவில்லை.

நிரந்தரப் பணியாளரின் சம்பளமும் ஓய்வூதியமும் பணியாளர் செலவு என்ற தலைப்பில் வருகின்றன. அதே வேலையை ஒப்பந்ததாரர் செய்தால், அவருக்குத் தரும் தொகை இயக்குதல், பராமரித்தல் என்ற தலைப்புக்குப் போய்விடுகிறது. ஆகவே பணியாளர் செலவின் விகிதம் குறைந்துவிட்டதாக அறிக்கையில் படிக்கும்போது, மொத்தச் செலவு குறைந்ததா, அல்லது பணம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியதா என்பது அந்த ஒரு வரியில் தெரியாது. இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் வாகனம், எரிபொருள், நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்ந்திருக்கும் என்பதால், அவற்றைப் பிரிக்காமல் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுவதும் தவறு.

சம்பளத்துக்கான பணம் பெரும்பாலும் சொந்த வருவாயிலிருந்தும் மாநில நிதிப் பகிர்விலிருந்தும்தான் வர வேண்டும். 15ஆவது நிதிக்குழு பெருநகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியம் காற்றுத் தரம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டது; அதைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. 2022இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, கூடுதல் வருவாயில் எவ்வளவு பணியாளர்களுக்கு என்ற கேள்வியை ஒவ்வொரு மன்றமும் எழுப்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சங்கப் பணியில் இருப்பவர்

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இரண்டு மண்டலங்களில் வேலை இழந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிரந்தரப் பணியாளர்களே இல்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற அரசுத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்கே நேரடியாக உழைத்தவர்கள். ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த மாதச் சம்பளம் புதிய ஏற்பாட்டில் 16,950 ரூபாயாகக் குறையும் என்பதே அவர்கள் முன்வைத்த கணக்கு. இந்த வேறுபாட்டைச் சிக்கனம் என்று தலைப்பிட்டு எழுதுவதற்கு முன், அது யாருடைய வீட்டு வாடகையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மாமன்றம் கேட்டிருக்க வேண்டும். தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் மறுத்தபோதும், கடைசியாகப் பெற்ற ஊதியம் குறையக் கூடாது என்று சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

அந்தக் குறைந்த தொகையும் முழுதாகக் கைக்கு வராது; ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மேலே ஒரு தொகை இருக்கும். வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வராத நாள் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசி வரியில் வேறொரு தொகை நிற்கும். காலை மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, கொஞ்சம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் போனதா, முழு நாள் போனதா என்பது அந்தக் கடைசி வரியில்தான் தெரியும்.

உள்ளாட்சிப் பொறியாளர்

இருவர் சொன்னதிலும் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனாலும் துறை மறுசீரமைப்பு என்றாலே ஆள்குறைப்பு என்று எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2011இல் 42 உள்ளாட்சிகள் இணைந்து, சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மண்டலங்கள் 10இலிருந்து 15 ஆயின. நகராட்சியாகவும் ஊராட்சியாகவும் இருந்த இடங்களின் ஊழியர்களையும் பணிப் பதிவேடுகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர மறுசீரமைப்பு தவிர்க்க முடியாததாக இருந்தது. பல மண்டலங்களைச் சேர்த்துப் பார்க்கும் வட்டாரத் துணை ஆணையர்கள் வந்தபின் பல கோப்புகள் ரிப்பன் மாளிகை வரை போகாமலே முடிகின்றன. இளநிலைப் பொறியாளர் ஒருவரே மழைநீர் வடிகால், சாலை, தெருவிளக்கு மூன்றையும் பார்க்கும் வார்டுகளில் எனக்குத் தேவைப்படுவது கூடுதல் ஆட்களைத் தரும் மறுசீரமைப்பு.

தனியார்மயமும் சென்னைக்குப் புதிதன்று. 2000ஆம் ஆண்டிலேயே மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் போனது; அதன்பின் நிறுவனங்கள் மாறி மாறி வந்தன. இத்தனை ஆண்டு அனுபவம் கையில் இருக்கும்போது, டன்னுக்கு என்ன செலவானது, அபராதம் எவ்வளவு விதிக்கப்பட்டது என்ற ஒப்பீட்டை மன்றத்தின் முன் வைத்துவிட்டுத்தான் அடுத்த மண்டலத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

ராயபுரம்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் எங்கள் வார்டு உறுப்பினரிடம் குறிப்பாக எந்த ஆவணங்களைக் கேட்பது?

ஓய்வுபெற்ற கணக்கர்

முதலில் மன்றப் பொருளின், அதாவது மாமன்றத்தின் முடிவுக்கு வைத்த முன்மொழிவின், முழு வடிவம். தீர்மானத்தின் சுருக்கம் போதாது, அதனோடு இணைத்த நிதிக் குறிப்பும் வேண்டும். அடுத்து உங்கள் மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலியானது என்ற மூன்று எண்ணிக்கைகள். காலியிடத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டு, பின்னர் ஆள் இல்லை என்ற காரணத்தைக் காட்டி வெளியே கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது வெளிப்படும். பிறகு ஒப்பந்தத்தில் ஊதியம் பற்றிய பிரிவையும், வரி விதிப்பு மற்றும் நிதி நிலைக்குழு இந்தப் பொருளைப் பார்த்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். உறுப்பினரால் பெற்றுத் தர முடியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் இங்கேயே பதியுங்கள், இரண்டு தலைப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.