பதினோராவது இடம்: அடுத்த சீசனுக்கும் டிக்கெட் எடுப்பீர்களா?

பெரியமேடு பாலா:
2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசன் முடிந்துவிட்டது. 13 அணிகளில் சென்னையின் எஃப்சி 11ஆவது. நான் 2014இல், முதல் வருடத்திலிருந்தே நேரு ஸ்டேடியத்துக்குப் போகிறவன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். விளக்குக் கோபுரங்கள் எரிய ஆரம்பித்தால் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அந்த முதல் வருடம் அரையிறுதியில் கேரளாவிடம் எக்ஸ்ட்ரா டைமில் தோற்றபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுப்பதாக இல்லை.

காரணம் இதுதான். 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே போய் பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாவது முறை கோப்பை தூக்கினோம். அடுத்த சீசனில் 18 மேட்ச்சில் 9 புள்ளி, கடைசி இடம். அப்புறம் 2020-21, 2021-22, 2022-23 மூன்று சீசனும் எட்டாவது. 2023-24இல் மட்டும் ஆறாவது. இப்போது இது.

ஐஎஸ்எல்லில் 2024-25 வரை எந்த அணியும் தோற்றுக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதில்லை. கடைசியில் வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக், அதே விளம்பரம். அப்போது தோல்விக்கு விலை கொடுப்பது யார்? கேலரியில் உட்காரும் நாம் மட்டும்தான். காலி நாற்காலியைக் காட்டுவதைத் தவிர நம் கையில் வேறு எதுவும் இல்லை.

மீனா (நீலத்துண்டு):
பாலா அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் போட்ட பட்டியலில் 2015 இல்லையே?

அந்த வருடம் நவம்பரில் நாம் பட்டியலின் அடியில் கிடந்தோம். போனது போனதுதான் என்று எல்லோரும் எழுதினார்கள். லீகின் கடைசி நான்கு மேட்ச்சையும் ஜெயித்து அரையிறுதிக்குள் போனோம். அதற்குள் வெள்ளம். எங்கள் வீடு கோட்டூர்புரத்தில் கீழ்த்தளம். ஊர் இருந்த நிலையில் அரையிறுதியை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரில் ஆட வேண்டிய மேட்ச்சை அங்கே ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள்.

டிசம்பர் 20, கோவாவில் இறுதிப் போட்டி. எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு காய்ந்திருந்தது. மெத்தை, சோபா எல்லாவற்றையும் தெருவில் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு மாடியில் தப்பிய சின்ன டிவியை வாங்கி வந்து, வெறும் தரையில் பாய் விரித்துப் பார்த்தோம். 87ஆவது நிமிடம் கோவா 2-1 என்று முந்தியது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். 90ஆவது நிமிடத்தில் கோவா கீப்பர் தன் வலைக்குள்ளேயே பந்தை விட்டார், 2-2. அது அடங்குவதற்குள் நம் மெண்டோசா மூன்றாவதை அடித்தார். அப்பா எழுந்த வேகத்தில் சுவரில் ஓங்கி அறைந்தார். காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்து பாயில் விழுந்தது.

நவம்பரிலேயே விட்டிருந்தால் அந்த இரவு எனக்குக் கிடைத்திருக்காது. 2019 டிசம்பரிலும் அப்படித்தான். ஓவன் கோய்ல் கோச்சாக வந்தபோது நாம் கீழேதான் இருந்தோம். அதே சீசனில் இறுதிப் போட்டிவரை போனோம்.

பெரியமேடு பாலா:
மீனா, அந்த இரவை யாரும் பறிக்கவில்லை. நானும் அன்று சென்ட்ரல் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடியவன்தான். ஆனால் கோய்லைச் சொன்னீர்களே, இந்த 2024-25 சீசனிலும் அதே கோய்ல்தான் கோச்சாக இருந்தார். ஒரு மனிதர் வந்து மந்திரம் போடுவதற்குக் காத்திருப்பது திட்டம் ஆகாது.

ஆட்களைப் பாருங்கள். சாங்தே இங்கே மூன்று சீசன் ஆடினார். 2022இல் மும்பைக்குப் போனார், 2022-23க்கான இந்தியாவின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அனிருத் தாபா பதினெட்டு வயதில் வந்து இங்கேயே வளர்ந்து கேப்டன் ஆனவர். 2023இல் மோகன் பகான் போய்விட்டார். நல்ல விளைச்சல் எல்லாம் அடுத்தவர் களஞ்சியத்துக்குப் போகிறது. நாம் வருடாவருடம் விதை நெல்லுக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ரூர் தமிழன்:
வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில் ஹம் நகரில் இருக்கிறன். பிள்ளைகளால் இங்கத்தைய ஷால்கே உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகன் ஆனவன். எங்கட அணி 2021இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினது. ஏறினது. 2023இல் திரும்ப இறங்கினது. இறங்கின பிறகும் ஒவ்வொரு வீட்டு ஆட்டத்துக்கும் சராசரியாக 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டத்துக்கு! தோற்ற அன்றைக்கும் தோள்துண்டைக் கழற்றாமல் ட்ராமில் நிற்பார்கள். அணி நல்லா ஆடுது என்று வருவதில்லை, தங்கட ஊர் என்று வருகினம். பாலா அண்ணை, அப்படி யோசித்துப் பாருங்கோ.

பெரியமேடு பாலா:
ஐயா, மரியாதையோடு ஒரு கேள்வி. ஷால்கே யாருடைய கிளப்? உறுப்பினர்களுடையதுதானே? அங்கே ரசிகருக்கு ஓட்டு உண்டு. இங்கே எங்களுக்கு என்ன உண்டு? டிக்கெட்டும் தொண்டையும்.

ரூர் தமிழன்:
ஓம், அது சரி. உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்பார்கள், மேற்பார்வைக் குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்வார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களுக்கு 50+1 என்ற விதி இருக்கு, வாக்கில் பெரும்பான்மை உறுப்பினர் கையில்தான். அந்த வித்தியாசத்தை நான் எழுதாமல் விட்டது பிழை.

வியாசை கீப்பர்:
இரண்டு பேரும் கோப்பை, இடம், புள்ளி என்றே பேசுகிறீர்கள். எனக்கு அது இரண்டாவது பிரச்சினை.

2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். கோவாவை 3-0. இரண்டு கோல் ஜெஜெ. மற்றொன்று தன்பால் கணேஷ், தலையால் முட்டியது. எங்கள் வியாசர்பாடிக்காரர். அன்று என்னோடு பதினொரு பையன்கள் வந்திருந்தார்கள். நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப் பாதை நடுவில் இருப்பதால் எதிர்ப்பக்க கோல்போஸ்ட் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். யார் அடித்தது என்று முதலில் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் பேர் வந்ததும் ஒரு பையன் நாற்காலி மேல் ஏறி, 'நம்ம கணேஷ் அண்ணன்! நம்ம கணேஷ் அண்ணன்!' என்று முன்வரிசைக்காரர்கள் தோளைப் பிடித்து உலுக்கினான். முன்பின் தெரியாதவர்கள். அவர்களும் அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் கணேஷுக்கு முழங்கால் காயம். அவரில்லாமல் அணி கடைசி இடம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைக்கு அதே பையன்களைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் பதினொன்றில் நம்மூர் பேர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். இல்லையென்றால் பாதி மேட்ச்சில் போனை எடுத்துவிடுகிறார்கள். இந்த மாநிலத்தில் வியாசர்பாடி இருக்கிறது, கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர் இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எட்டாவது இடமானாலும் ஐந்து உள்ளூர்ப் பையன்கள் ஆடினால் நான் சாகும்வரை டிக்கெட் எடுப்பேன்.

மீனா (நீலத்துண்டு):
இதில் கீப்பர் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தால்தானே அதைக் கேட்க முடியும்? வெளியே நிற்பவன் குரல் பெரியமேட்டு ஹாரன் சத்தத்தில் கலந்துவிடும்.

கோவை பந்தாட்டக்காரன்:
நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலி நாற்காலி என்ற சொல்லைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சென்னை சிட்டி ரசிகன். பேரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9, ஐ-லீக் (ஐஎஸ்எல் தவிர இருந்த இன்னொரு தேசிய லீக்) கடைசி நாள். பஞ்சாபின் மினர்வா அணியை ஜெயித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினோம். அப்புறம் 3-1 என்று திருப்பினோம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இந்திய சாம்பியன். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம்.

சில வருடங்களில் அந்த அணியே லீகில் இல்லை. 11ஆவது இடம் இல்லை, கடைசி இடமும் இல்லை. திட்டுவதற்குக்கூட ஒரு அணி இல்லை. மேட்ச் நாள் என்று ஒன்று காலண்டரிலிருந்தே போய்விட்டது. அந்த அணியில் ஆடிய எட்வின் வான்ஸ்பால் சென்னையினுக்குப் போனார் என்பதற்காகவே உங்கள் மேட்ச்களைப் பார்க்க ஆரம்பித்தவன் நான்.

காலி நாற்காலியைப் பார்த்துத் திருந்துகிற முதலாளியும் இருக்கலாம் அண்ணா. அதைப் பார்த்துக் கணக்கை மூடிவிட்டுப் போகிறவரும் இருக்கலாம். எது நடக்கும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

பெரியமேடு பாலா:
தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்தையே காட்டி ரசிகனை வாயடைக்க வைத்தால், அப்புறம் எந்த அணியும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொரோனாவால் 2020 இறுதிப் போட்டியைப் பூட்டிய மைதானத்தில் ஆடினார்கள். அதற்குப் பிறகு இரண்டு சீசன் முழுக்க கோவாவில், ஆளில்லாத கேலரி முன்னால் ஆடினார்கள். அணி சாகவில்லை. என்னைப் போன்றவன் ஒரு சீசன் நகர்ந்து நிற்பதால் செத்துவிடும் என்றால் அது அவ்வளவு வலுவில்லாமல் இருப்பதுதான் முதலில் பேச வேண்டியது. நான் வேறு அணிக்குப் போகவில்லை. மும்பை ஜெர்சி வாங்கவில்லை. மேட்ச் அன்று மொட்டைமாடியில் நின்று சத்தத்தைக் கேட்பேன். டிக்கெட் மட்டும் எடுக்க மாட்டேன்.

மீனா (நீலத்துண்டு):
மாடியிலிருந்து கேட்கும் சத்தம் யாரோ உள்ளே இருந்து போடுவது அண்ணா. நான் எடுப்பேன். என் மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கும் சேர்த்து. கோப்பை தூக்கியதை அவள் பார்த்ததில்லை. தோற்ற மேட்ச்சில் கடைசி நிமிட கார்னருக்கு எழுந்து நிற்க மட்டும் கற்றிருக்கிறாள்.

வியாசை கீப்பர்:
பாலா, டிக்கெட் உங்கள் இஷ்டம். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு முல்லை நகர் மைதானத்துக்கு வாருங்கள். இருக்கிற இரண்டில் ஒன்று தையல் விட்டுவிட்டது.

பெரியமேடு பாலா:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு பந்தாகவே கொண்டு வருகிறேன். நம்பர் 5 தானே?

வியாசை கீப்பர்:
சின்னப் பையன்கள் அதிகம். ஒன்று 4, ஒன்று 5. காலை ஆறரைக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பிடித்து நிறுத்த முடியாது. மீனா, பாப்பாவையும் கூட்டி வாம்மா. பெண்கள் டீமில் கோல்கீப்பர் இல்லை.