திருவல்லிக்கேணி பாரதியார் இல்லம்: அம்மாவையும் பையனையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி (கோவைக்காரன்):
அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். அம்மாவுக்கு 72 வயது. எங்களைத் தூங்க வைத்ததே பாரதி பாட்டுப் பாடித்தான். பையன் ஆறாம் வகுப்பு. யானை மிதித்துத்தான் பாரதி இறந்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது. அந்த வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில் (அல்லிக்கேணிவாசி):
அவசியம் கூட்டி வாருங்கள். நான் வளர்ந்ததே அந்தப் பக்கம்தான்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது வீடு. நேரே அங்கே போகாமல், முதலில் பார்த்தசாரதி கோயில் வாசலில் நில்லுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். பையனிடம் யானைக் கதையை அங்கேயே சொல்லுங்கள். 1921இல் கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது உண்மை. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து போய் யானையின் காலடியிலிருந்து அவரை வெளியே இழுத்தார். அந்த அடியிலிருந்து பாரதி தேறிவிட்டார். ஜூலை கடைசியில் ஈரோடு போய், கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசியும் இருக்கிறார். பேச்சின் தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்துதான் இறந்தார். 39 வயதுகூட நிறையவில்லை.

அப்புறம் அங்கிருந்து நடந்தே வீட்டுக்குப் போங்கள். கோயிலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு பக்கம் என்பது காலுக்குத் தெரிய வேண்டும்.

அது அவருடைய சொந்த வீடு இல்லை, வாடகை வீடு. சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் குடியிருந்தது. அரசு வாங்கிப் புதுப்பித்து 1993இல் நினைவில்லமாக்கியது. பெரிய அருங்காட்சியகத்தை எதிர்பார்த்து வராதீர்கள். சுவரெல்லாம் படங்கள்தான். அவசரமாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். இவ்வளவு பெரிய ஆள் மாத வாடகை கொடுத்துக் குடியிருந்த இடம் இது என்று பையனுக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தோன்றினால் மெதுவாக ஒரு பாட்டுப் பாடட்டும். எனக்குத் தெரிந்து அந்த வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது.

பதில் (கரிசல் மண்):
பையனுக்கு இன்னொரு விடுமுறையில் எட்டயபுரத்தையும் காட்டுங்கள் அண்ணா. 1882 டிசம்பர் 11இல் அவர் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. கோவில்பட்டியில் இறங்கினால் பஸ் உண்டு. கல்கி முன்னின்று எழுப்பிய மணிமண்டபமும் அதே ஊரில்தான்.

பதில் (அல்லிக்கேணிவாசி):
சரியாகச் சொன்னீர்கள். கோவைக்காரருக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பாரதியின் மனைவி செல்லம்மாளைப் பற்றியும் பையனுக்குச் சொல்லுங்கள். பாரதி போன மறு வருஷமே, 1922இல், பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் அவர் பாடல்களை அச்சில் கொண்டுவந்தவர் அந்த அம்மாள்.

பதில் (கோவைக்காரன்):
போன ஞாயிறு போய் வந்தோம். நீங்கள் சொன்னபடியே கோயிலிலிருந்து நடந்தோம். பையன் வழியெல்லாம் குவளைக்கண்ணனைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். அவருக்கு அடிபடவில்லையா, அவர் ஏன் பயப்படவில்லை என்று.

அம்மா பாடவில்லை. பாரதியும் செல்லம்மாளும் சேர்ந்திருக்கும் படத்தின் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஏழு வயசில் கல்யாணம்டா இவளுக்கு. அவர் போகும்போது முப்பத்தொண்ணுதான் இருக்கும். ரெண்டு பொண்ணு வேற" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.