போக்கர் விளையாட்டில் சைட் பாட் கணக்கு: விளக்குங்களேன்

வணக்கம். டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையை இப்போதுதான் கற்றுவருகிறேன். நடுவில் விரிக்கும் 5 சீட்டுகளில் முதல் மூன்றும் ஃபிளாப், அடுத்தது டர்ன், கடைசி ரிவர். செக் (கூடுதலாக எதுவும் வைக்காமல் தொடர்வது), கால் (பந்தயத்துக்கு ஈடாக வைப்பது), ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது), ஃபோல்ட் (சீட்டைக் கைவிடுவது) எல்லாம் பிடிபட்டுவிட்டன. பாடாய்ப் படுத்துவது சைட் பாட்தான் (ஒருவரின் சில்லுகள் தீர்ந்தபின், மற்றவர்கள் கூடுதலாக வைப்பது சேரும் தனித் தொகை).

மூவரிடம் முறையே 500, 1200, 2000 சில்லுகள் இருக்கின்றன. மூவரும் ஆல் இன், அதாவது இருப்பதையெல்லாம் வைத்துவிட்டார்கள். மெயின் பாட் (மூவரும் போட்டியிடும் தொகை) 1500, சைட் பாட் 1400, மிச்சம் 800 உரியவருக்கே திரும்பும் என்று கணக்கிடுகிறேன். சரிதானா? 500 வைத்தவரே வென்றாலும், அந்த 1400 மற்ற இருவரில் நல்ல சீட்டு வைத்திருப்பவருக்குத்தானே போகும்?

இன்னொன்று: ஃபிளாப்புக்கு முன் யாரும் தொகையை உயர்த்தாவிட்டால், பிக் பிளைண்ட் (சீட்டு தருமுன் கட்டாயமாக வைக்கும் இரு பந்தயங்களில் பெரியது) வைத்தவர் செக் சொல்லலாம் என்பது தெரியும். அவர் விரும்பினால் ரெய்ஸும் செய்யலாமா?

(பணம் வைத்து ஆடவில்லை, அறிவுரைகளைத் தயவுசெய்து தவிர்க்கவும்.)