மறு: சூப்பர்குரூப் – ‘மீக்குழு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ராக் இசையில் வழங்கும் ‘சூப்பர்குரூப்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘மீக்குழு’ என்று வைக்கலாமா என்று இந்த இழையில் கேட்டதற்கு என் பதில் இது.

> மீக்கணினி (சூப்பர்கம்ப்யூட்டர்) இருக்கும்போது மீக்குழு ஏன் கூடாது? ‘சூப்பர்’ வருமிடமெல்லாம் ‘மீ’ என்று வைத்துவிட்டால் ஒரே சீராக இருக்கும்.

ஐயா, சீராக இருக்கும், பொருள்தான் இடிக்கும். மீக்கணினியில் ‘மீ’ திறனைக் குறிக்கிறது. ராக் இசையில் ஒரு குழுவை சூப்பர்குரூப் என்கிறவர்கள் வாசிப்பை எடைபோட்டுச் சொல்வதில்லை. சேருகிறவர்கள் வேறு குழுக்களில் ஏற்கெனவே பேர் வாங்கியவர்களா என்று மட்டும் பார்க்கிறார்கள். முதல் பாட்டு வெளிவருமுன்பே பட்டம் கிடைத்துவிடும். ராக் பாடகர் ஸ்டீவ் வின்வுட் போன பாதையைப் பார்த்தால் இது விளங்கும்.

1948இல் பர்மிங்காமில் பிறந்தவர். 1963இல், பள்ளி வயதிலேயே, அண்ணன் மஃப்போடு ஸ்பென்சர் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். பெயர் டேவிஸுடையது, குரல் இந்தப் பையனுடையது. ஜமைக்காக்காரர் ஜாக்கி எட்வர்ட்ஸ் எழுதிய ‘கீப் ஆன் ரன்னிங்’ 1966 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ‘சம்படி ஹெல்ப் மீ’யும் முதலிடம். இருந்தும் யாரும் சூப்பர்குரூப் என்று சொல்லவில்லை. சேரும்போது இவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியாதே.

1967இல் விலகி டிராஃபிக் என்ற குழுவைத் தொடங்கினார். ஜிம் கபால்டி டிரம்ஸ், கிறிஸ் வுட் புல்லாங்குழலும் சாக்ஸஃபோனும், டேவ் மேசன் கிட்டார். ஆஸ்டன் டிரோல்ட் என்ற கிராமத்துப் பக்கம் ஒரு வீட்டில் தங்கிப் பாட்டு கட்டினார்கள். மேசன் போவதும் வருவதுமாக இருந்தார். வின்வுட்டின் ஆகச் சிறந்த இசை இங்கேதான் பிறந்தது என்பது என் கட்சி. ‘மீ’ என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதென்றால் இவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும். ஆனால் வின்வுட்டைத் தவிர மற்றவர்கள் அவ்வளவாகப் பேர் தெரியாதவர்கள். ஆகவே இதுவும் கணக்கில் வராது.

அப்புறம் வந்ததுதான் சூப்பர்குரூப் என்று பேரெடுத்த பிளைண்ட் ஃபெய்த் குழு. 1968 நவம்பரில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிரீம் குழு விடைபெற்றது. சில வாரங்களில் டிராஃபிக்கும் கலைந்தது. கிளாப்டனும் வின்வுட்டும் சும்மா சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். கிரீமின் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரும் வந்து உட்கார்ந்துகொண்டார். மறுபடியும் கிரீமாகவே ஆகிவிடுமோ என்று கிளாப்டனுக்குத் தயக்கம். ஃபேமிலி குழுவின் ரிக் கிரெச், அந்தக் குழு அமெரிக்கப் பயணத்தில் இருக்கும்போதே அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். 1969 ஜூன் 7 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் இலவசக் கச்சேரி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இவ்வளவு கூட்டம் கூடியது இவர்களுடைய முதல் கச்சேரிக்கு!

அமெரிக்கா போனதும் ரசிகர்கள் கிரீம் பாட்டையும் டிராஃபிக் பாட்டையும் கேட்டுக் கத்தினார்கள். கையில் புதுச் சரக்கு குறைவு, ஆகவே பழையதையும் பாடவேண்டியதாயிற்று. ஒரே ஒரு ஆல்பம், அதில் ஆறே பாட்டு, அதிலும் ஒன்று பதினைந்து நிமிடம். அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் போனது. ஆகஸ்டில் பயணம் முடிந்தது, குழுவும் முடிந்தது. தமக்கு முன்னால் பாடிய டெலனி அண்ட் பானி குழுவோடு கிளாப்டன் ஒட்டிக்கொண்டுவிட்டார்.

> ‘நட்சத்திரக் குழு’ போதாதா?

போதாது. வெற்றி பெற்ற எந்தக் குழுவையும் அப்படிச் சொல்லலாம், பீட்டில்ஸ் உட்பட. தனித்தனி இடங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் சொல்லில் தெரியவேண்டும். சினிமாப் பக்கங்களில் தினமும் அடிபடும் ‘நட்சத்திரக் கூட்டணி’யையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். கூட்டணியில் ஒவ்வொருவரும் சொந்த வாக்கு வங்கியோடு வருவார்கள். அமெரிக்காவில் பழைய பாட்டு கேட்டுக் கத்தியது அந்த வாக்கு வங்கிதான்.

> அரசியல் நெடி அடிக்கிறதே?

அடிக்கட்டும், அது சொல்லுக்குப் பலம். ஆனால் ‘சீக்கிரம் கலைவது’ என்று வரையறையில் எழுதிவிடக் கூடாது. கிரீமையும் சூப்பர்குரூப் என்றுதான் சொல்கிறார்கள். அது இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது.

சொற்பட்டியலில் பதிவு இப்படி இருக்கலாம்: நட்சத்திரக் கூட்டணி – வேறு குழுக்களிலோ தனியாகவோ முன்பே புகழ்பெற்ற கலைஞர்கள் சேர்ந்து அமைக்கும் இசைக்குழு.

‘சைட்மேன்’ (குழுவில் சேராமல் கூட வாசித்துக் கொடுப்பவர்) பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பக்கவாத்தியக் கலைஞர் என்பதே போதும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968 ஆல்பத்தில் ‘வூடூ சைல்’ என்ற நீளப் பாட்டுக்கு வின்வுட் ஆர்கன் வாசித்தார். அதனால் ஹெண்ட்ரிக்ஸ் குழுவின் உறுப்பினர் ஆகிவிடவில்லை.

‘சோலோ ஆல்பம்’ மட்டும் இன்னும் இழுபறி. ‘தனித் தொகுப்பு’ என்று வைத்தால் 1980இல் வந்த ‘ஆர்க் ஆஃப் எ டைவர்’ அச்சாகப் பொருந்தும், எல்லா வாத்தியத்தையும் வின்வுட்டே வாசித்தார். 1970இல் தனித் தொகுப்பாக ஆரம்பித்த இன்னொன்றில் கபால்டியும் வுட்டும் வந்து சேர, அது டிராஃபிக் பெயரிலேயே வெளியானது. அதனால் வாசித்தவர்களின் எண்ணிக்கையை விட்டு, அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பதை வைத்து வரையறுக்கலாம் என்று நினைக்கிறேன். வேறு யோசனை உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.