பிளஸ் டூ பேஜ்மேக்கர் பாடம்: பள்ளி மலர் தயாரித்தால் டிசைன் வருமா?

வகுப்பறை_டீச்சர்:
பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில், அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். பிள்ளைகள் கருவிகளின் பெயரையும் குறுக்குவிசைகளையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு நோட்டீஸ் செய்யச் சொன்னால் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, நாலு நிறம் பூசி, சுற்றிலும் பூ பார்டர் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அதனால் விளையாட்டு விழா அழைப்பிதழ், நூலக அறிவிப்பு, கடைசியாக எட்டுப் பக்கப் பள்ளி மலர் என்று வேலைகளாகவே கொடுத்து, அந்த வேலைக்குள்ளேயே அலைன்மென்ட் (ஒரே கோட்டில் நிறுத்துவது), நெருக்கம் (தொடர்புள்ளதைப் பக்கத்தில் வைப்பது), கான்ட்ராஸ்ட் (முக்கியமானதை வேறுபடுத்திக் காட்டுவது) எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். மென்பொருள் ஸ்கிரைபஸ், காசு கிடையாது. எங்கள் ஓவிய ஆசிரியர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிசைனைத் தனியாக, கையால், முதலில் கற்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேட்டர்கள்தான் உருவாவார்கள் என்கிறார். உங்கள் கருத்து?

கோட்டோவியன்:
உங்கள் ஓவிய ஆசிரியர் கட்சிதான் நானும். 1985இல் பேஜ்மேக்கரும் லேசர் பிரிண்டரும் சேர்ந்து வந்த காலத்தில் என்ன நடந்தது? ஒரே பக்கத்தில் பத்து எழுத்துரு. கையில் கருவி வந்ததும் கண் வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பையன் முதலில் திறப்பது எழுத்துரு பட்டியலைத்தான். திரையில் எதைப் போட்டாலும் அது முடிந்த வேலை போலவே தெரியும், ஆபத்தே அதில்தான். யோசனை அரைகுறையாக இருக்கும், பார்க்க மட்டும் பளபளவென்று இருக்கும்.

ஒரு வெள்ளை அட்டை, கறுப்புத் தாளில் வெட்டிய நாலு சதுரம். நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கட்டும். எது பாரமாக இருக்கிறது, எது தப்பித்து ஓடுகிறது என்று அவர்களே சொல்வார்கள். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பவுஹவுஸ் கலைப் பள்ளியில் ஓவியர் இட்டன் நடத்திய அடிப்படை வகுப்பும் பொருட்களையும் வடிவங்களையும் கையால் தொட்டுப் பழகுவதுதான். தொழிற்கூடம் அதற்கு அப்புறம்தான்.

சிவகாசிப்_பக்கம்:
பிரஸ்ஸில் ஃபைல் வாங்கி பிளேட்டுக்கு அனுப்புகிறவன் நான். கையால் கற்று வந்த டிசைனர்களின் ஃபைலும் தினமும் வருகிறது அண்ணே. பார்க்க அழகுதான். படம் வாட்ஸ்அப்பில் வந்தது, வெட்டும் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நிறத்தை நீட்டும் பிளீட் விடவே இல்லை, சின்ன எழுத்தின் கறுப்பு நாலு நிறத்திலும் கலந்து கிடக்கிறது. மெஷினில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் ஒரு நூலிழை விலகினால் போதும், எழுத்து ஓரமெல்லாம் சிவப்பு நிழல்.

டீச்சர், எட்டுப் பக்க மலரைக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் கணினியைத் திறக்கும் முன் டம்மி, அதாவது வெற்றுத்தாளில் மாதிரி மலர், மடிக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து நடுவில் மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் எழுதி, பிறகு பிரித்துப் பார்க்கட்டும். வெளித்தாளில் ஒரு புறம் 8ம் 1ம், மறுபுறம் 2ம் 7ம். உள்தாளில் 6ம் 3ம், பின்னால் 4ம் 5ம். சென்டர் பின் மலருக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக ஏன் இருக்க வேண்டும் என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே பெரிய படம் வைப்பதென்றால் 4, 5தான் நல்லது, அங்கே மட்டும்தான் இரண்டும் ஒரே தாளில் ஒட்டி வரும் என்பதும் கையிலேயே தெரிந்துவிடும்.

கோட்டோவியன்:
நீங்கள் சொன்னது முழுக்க அச்சு அறிவு. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பிளீட் விடத் தெரிந்தவனுக்கு எதைப் பெரிதாக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்துவிடுமா? இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்காதீர்கள்.

எழுத்துரு_பித்தன்:
தமிழ்ப் பக்கம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆங்கில டிசைன் பாடங்களில் அழுத்தம் கொடுக்கக் கேப்பிடல் போடு, இட்டாலிக் போடு என்பார்கள். நமக்குக் கேப்பிடல் கிடையாது. இட்டாலிக் என்று நாம் போடுவது பெரும்பாலும் நேர் எழுத்தைச் சாய்த்துவிட்டதுதான். மீதி இருப்பது தடிமன், அளவு, நிறம், இடைவெளி. கான்ட்ராஸ்ட் பாடத்தை இவற்றை வைத்துத்தான் நடத்தியாக வேண்டும்.

அடுத்தது பத்தி, அதாவது செய்தித்தாளில் போலப் பக்கத்தை நெடுக்காகப் பிரிப்பது. ஏ4 தாளில் மூன்று பத்தி பிரித்து, இருபுறமும் சமமாக நிரப்பு என்று கொடுத்துப் பாருங்கள். 'கொண்டாடப்பட்டிருக்கிறது' வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குத் தாவும். விட்டுப்போன வரியில் இரண்டே சொற்கள், நடுவில் லாரி போகிற அளவுக்கு இடைவெளி. இதைச் சதுரத் தாள் வெட்டி எப்படிக் காட்டுவீர்கள்? இரண்டு பத்தியாக்கலாம், இடப்புறம் மட்டும் சீராக்கலாம், எழுத்தைக் குறைக்கலாம், வாக்கியத்தையே மாற்றலாம். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தால்தான் பத்தியின் அகலம் என்றால் என்ன என்று பிடிபடும்.

வரி இடைவெளியும் அப்படித்தான். பேஜ்மேக்கர் தானாக வைப்பது எழுத்தளவில் 120 சதம். தமிழில் மேல்வரியில் ஒரு 'மூ' வந்து, அதன் வால் கீழ்வரியின் 'கி' கொக்கியை முட்டும்போது பிள்ளைகளுக்கே பொறுக்காது. நான் 140க்குக் கீழே பெரும்பாலும் போவதில்லை.

பிளஸ்டூ_முடிச்சாச்சு:
நான் படித்த பள்ளியில் மலர் ப்ராஜெக்ட் நடந்தது. வகுப்பில் நாற்பது பேர், மவுஸ் இருந்தது இரண்டு பேர் கையில். மற்றவர்கள் கவிதை சேகரித்தோம், எழுத்துப் பிழை பார்த்தோம். டிசைன் என்று ஒன்று நடந்தது எனக்குத் தெரியாது. தாளாளர் படம் பெரிதாக இருக்க வேண்டும், அதைவிடச் சற்றுச் சிறிதாகத் தலைமை ஆசிரியர் படம். எங்களுக்குக் கிடைத்த படிநிலைப் பாடம் அது ஒன்றுதான். இப்போது கேன்வாவில் ரெடிமேட் எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்கிறேன். டீச்சர், மலர் செய்தாலே டிசைன் வந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வகுப்பறை_டீச்சர்:
தம்பி சொல்வது நியாயம். குழு வேலை என்றாலே இதுதான் கதி. அப்படியானால் மலர் கடைசிக்குப் போகட்டும். முதல் வேலை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. எங்கள் ஊர்ப் பேருந்து நேர அறிவிப்பு, எல்லோருக்கும் ஒரே வாசகம், ஒரே எழுத்துரு, இரண்டே அளவு, கறுப்பு மட்டும். படம் கிடையாது, பார்டர் கிடையாது. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு?' என்று கேட்க வேண்டும். எந்தத் தாளில் விரல் தேடிக்கொண்டே இருக்கிறதோ, அதைச் செய்தவர் அங்கேயே நின்று பார்க்கட்டும். மதிப்பெண்ணும் அதை வைத்துத்தான்.

கோட்டோவியன்:
இது நல்ல வேலை. ஆனால் இதற்குக் கணினி எதற்கு என்றுதான் கேட்கிறேன். ஸ்கெட்ச் பேனா போதுமே.

சிவகாசிப்_பக்கம்:
கையால் எழுதியதைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள், முகம் எப்படிப் போகிறது பாருங்கள். கணினியில் என்றால் ஒரே பையன் ஒரு பீரியடில் ஐந்து வடிவம் போட்டுப் பார்ப்பான். மலருக்கு வரும்போது இன்னொன்றும் உண்டு. தலைப்புக்கு ஸ்டைல், அதாவது எழுத்துரு, அளவு எல்லாம் சேர்த்த ஒரு அமைப்பு, வைத்துவிட்டு, ஒரே இடத்தில் அளவை மாற்றினால் எட்டுப் பக்கத்திலும் மாறும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே முகம் வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட இது சீக்கிரம் ஏறும்.

எழுத்துரு_பித்தன்:
டீச்சர், ஸ்கிரைபஸ் 1.4 பழையது, அதில் யூனிகோடு தமிழ் உடையும். கொம்பும் கொக்கியும் இடம் மாறி நிற்கும். 1.6 போடுங்கள். எழுத்துருவுக்கு முக்தா மலர், கேட்டமரன் இரண்டும் இலவசம், தடிமன் வகைகளும் நிறைய.

வகுப்பறை_டீச்சர்:
குறித்துக்கொண்டேன். ஆனால் பொதுத்தேர்வில் இதெல்லாம் கேட்க மாட்டார்கள், குறுக்குவிசைகளையும் மனப்பாடம் செய்ய வைத்தாக வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்கணும்.

கோட்டோவியன்:
நான் இன்னும் கட்சி மாறவில்லை. முதல் வாரம் லேபைப் பூட்டி வையுங்கள். பஸ் அறிவிப்பைப் பென்சிலில் கட்டம் கட்டமாக நாலைந்து விதமாகப் போட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு உங்கள் ஸ்கிரைபஸைத் திறக்கட்டும்.

சிவகாசிப்_பக்கம்:
பென்சில் வாரம் சரி அண்ணே. அந்தக் கட்டத்தை மட்டும் ஏ4 விகிதத்தில் போடச் சொல்லுங்கள். சதுரத்தில் யோசித்துவிட்டு அப்புறம் தாளில் இழுத்து நீட்டுகிறார்கள்.