1200 கிலோ கியர்பாக்ஸைத் தூக்க ஐ போல்ட் பொருத்துவது பற்றி

கேள்வி (பேட்டைப் பட்டறை)

வணக்கம். பணகுடிப் பக்கத்துக் காற்றாலை ஒன்றிலிருந்து பழுதுபார்க்க வந்திருக்கும் கியர்பாக்ஸைச் செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பி) தூக்கி இடம் மாற்ற வேண்டும். எடை 1200 கிலோ. மேற்புறத்தில் எம்16 (16 மி.மீ. விட்ட) மரைத் துளைகள் இரண்டு உள்ளன. அவற்றில் ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) பூட்டி, இரண்டு கால் சங்கிலியை 45 பாகைச் சரிவில் மாட்ட எண்ணியிருக்கிறேன். கடையில் கிடைத்த போல்ட்டுகளில் காலர் (வளையத்துக்கு அடியில் இருக்கும் அகன்ற விளிம்பு) இல்லை. வெறும் வளையமும் தண்டும்தான். முழுக்க முறுக்கினால் வளையம் சங்கிலிக்குக் குறுக்கே நின்றுவிடுகிறது. கால் சுற்று தளர்த்தி நேராக்கிக்கொள்ளலாமா? சென்ற ஆண்டு இப்படி ஒரு போல்ட் வளைந்து, சுமை ஒரு சாண் சரிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆகவே இம்முறை கேட்காமல் தொடப் போவதில்லை.

மறுமொழி (கங்கைகொண்டான், ஆலைப் பராமரிப்பு)

அண்ணாச்சி, அந்தப் போல்ட்டுகளை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். காலர் இல்லாதது நேர் செங்குத்தாகத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. சரிவாக இழுத்தால், தண்டு துளைக்குள் நுழையும் இடத்திலேயே வளைந்து முறியும். காலர் உள்ள போல்ட்டுக்கும் சரிவு கூடக்கூடத் திறன் குறையும். ஜெர்மானிய டி.ஐ.என். 580 தரத்தின்படி எம்16 போல்ட் ஒன்று நேராக 700 கிலோ தூக்கும். 45 பாகையில் ஒன்றுக்கு 500 கிலோதான். இரண்டுக்கும் சேர்த்து 1000 கிலோ என்பதால் உங்கள் சுமைக்குப் போதாது. 'இரண்டு எழுநூறு 1400 ஆயிற்றே' என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சரிவில் சங்கிலியின் ஒவ்வொரு காலிலும் 600 அல்ல, ஏறத்தாழ 850 கிலோ இழுவிசை இருக்கும்; கால்கள் இன்னும் அகன்று, கிடைமட்டத்துக்கு 30 பாகையில் படுத்துவிட்டால், ஒவ்வொரு காலும் முழு 1200 கிலோவுக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டிவரும்.

சங்கிலியையும் கொக்கியையும் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவற்றை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது.

மறுமொழி (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஃபிட்டர்)

தளர்த்துவது அறவே கூடாது. காலரின் அடிப்பக்கம் சுற்றிலும் உலோகத்தோடு இடைவெளியின்றிப் படிந்தால்தான் பக்கவாட்டு இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். தளர்த்திய காலர் இருந்தும் இல்லாததே. வளையம் திசை மாறி நின்றால் காலருக்கு அடியில் ஷிம் வாஷர் (மெல்லிய தகட்டு வளையம்) வையுங்கள். எம்16-இன் மரை இடைவெளி 2 மி.மீ. ஆகையால், கால் சுற்று திருப்ப அரை மி.மீ. கனம் போதும். இழுப்பு எப்போதும் வளையத்தின் தளத்திலேயே அமைய வேண்டும். ஒரே சிலிங்கை (தூக்கும் கயிறு அல்லது சங்கிலி) இரண்டு வளையங்களுக்குள்ளும் கோத்து இழுக்கும் பழக்கத்தை நம் பக்கத்துப் பட்டறைகளில் நிறையக் கண்டிருக்கிறேன். அது இரண்டு போல்ட்டுகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக உள்ளே மடக்கிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

துளையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து ஆழத்தை அளவெடுங்கள். எஃகில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 24 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். வார்ப்பிரும்பில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தத் துளைகள் மேல்மூடியில் உள்ளனவா, அடிப்பெட்டியில் உள்ளனவா? மூடியில் இருப்பவை பெரும்பாலும் மூடியை மட்டும் கழற்றித் தூக்குவதற்காக வைக்கப்பட்டவை.

கேள்வி கேட்டவர்

ஐயா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இரண்டும் மேல்மூடியில்தான் இருக்கின்றன. மரை ஆழமும் 18 மி.மீ. மட்டுமே. அடிப்பெட்டியின் நான்கு மூலைகளிலும் வார்ப்போடு சேர்ந்த தூக்குக் காதுகள் கிரீஸும் தூசியும் படிந்து மறைந்திருந்தன. ஐ போல்ட்டை விட்டுவிட்டு, காதுகளைச் சுரண்டி விரிசல் இல்லை என்று பார்த்த பிறகு, ஷேக்கிளும் (ஊசி பூட்டிய 'யு' வடிவ இணைப்பு) நான்கு கால் சங்கிலியும் போட்டுத் தூக்குகிறேன். சங்கிலியின் சோதனைச் சான்று காலாவதியாகியிருப்பதால், மறுபடி சோதித்துச் சான்று வாங்கும்வரை கியர்பாக்ஸ் லாரி இறக்கிய இடத்திலேயே இருக்கட்டும்.